மாதிரித் தேர்வுகளுக்கு ஒரு கால அட்டவணை

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவி

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 48, 49, 50 என்பன அவற்றின் எண்கள். போருக்குப் புறப்படும் மன்னனை மனத்திற்கொண்டு வள்ளுவர் இவற்றை வகுத்தார் எனினும், நுழைவுத் தேர்வுக்குப் புறப்படும் மாணவர்க்கும் இவை பொருந்தும் என்பதைப் பள்ளியில் மனப்பாடம் செய்தபோது நான் உணரவில்லை. என் வலிமை இன்னதென்று அறியாமல், காலத்தைக் கணக்கிடாமல், இடத்தின் இயல்பு தெரியாமல் ஒரு தேர்வுக் கூடத்தில் போய் உட்கார்ந்த பின்னரே உணர்ந்தேன். 2023ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2 மணிக்கு அது நிகழ்ந்தது. 'கிளாட்' என்று வழங்கும் பொதுச் சட்ட நுழைவுத் தேர்வு அது. நான் தோற்றேன்.

தோற்றவள் தேர்வைப் பற்றிக் கட்டுரை எழுதலாமா என்று நண்பர்கள் கேட்கக் கூடும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தவறாக எடுத்த அளவீட்டையும் பதிவேட்டிலிருந்து அழிக்கக் கூடாது. ஒரு கோடு மட்டும் இழுத்து, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அந்தக் கோடு இழுத்த வரிதான் நான். பக்கத்தில் எழுதப்பட்டவள் என் தங்கை.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். சட்டத்தின் மீது எனக்கு ஆசை வந்த கதை நீண்டது, சுருங்கச் சொல்கிறேன். அப்பாவுக்கு நாற்பது சென்ட் நிலத்தின் பேரில் ஒரு வழக்கு. நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில் தொடங்கியது, இன்னும் முடியவில்லை. நீதிமன்றத்தைப் பற்றி நான் முதலில் அறிந்த சொல் 'நீதி' அன்று, 'வாய்தா'. அப்பா சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு காலையில் புறப்படுவார், மாலையில் திரும்புவார். "என்னப்பா ஆச்சு?" என்றால், "வாய்தாம்மா" என்பார். கொண்டுவரும் காகிதங்களை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். அவை ஆங்கிலத்தில் இருக்கும், எனக்கும் புரியாது. புரிந்தது போல் தலையை ஆட்டிய வெட்கம்தான் என்னை இந்தத் தேர்வு வரை கொண்டுபோய் விட்டது.

தேர்வின் இயல்பை முதலில் அறிவோம். 2008ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் தேர்வு இது. 2017இல் அமைந்த தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு இப்போது இதை நடத்துகிறது. திருச்சிராப்பள்ளியில் உள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இருபதுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களின் ஐந்தாண்டுப் படிப்புக்கு இதுவே வாசல். 120 வினாக்கள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் பிடித்தம். ஆங்கிலம், நடப்பு நிகழ்வுகளும் பொது அறிவும், சட்டவழிச் சிந்தனை, தருக்கச் சிந்தனை, எளிய கணிதம் என ஐந்து பகுதிகள். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே. கணினி முன் உட்கார்ந்து அன்று, தாளில் வட்டங்களைப் பேனாவால் நிரப்பி எழுதும் தேர்வு.

ஒரு நிமிடத்திற்கு ஒரு வினா என்றதும் தாராளமாகத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் வினாக்கள் தனித்தனியாக வருவதில்லை. ஒவ்வொரு பத்திக்கும் கீழே ஐந்தாறு வினாக்களாக வருகின்றன. ஒரு பத்தி ஏறத்தாழ 450 சொற்கள் வரை நீளும். சுமார் இருபது பத்திகள் என்று கொண்டால் எட்டாயிரம், ஒன்பதாயிரம் ஆங்கிலச் சொற்களைப் படித்தாக வேண்டும். வினாவும் விடைகளும் அதற்கு மேல். வட்டம் ஒன்றை ஒழுங்காக நிரப்ப ஐந்து விநாடி ஆகும். 120 வட்டங்களுக்குப் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். ஆக, கையில் இருப்பது 110 நிமிடமே. தமிழ் வழியில் படித்து வந்த நான் இந்தக் கணக்கைத் தேர்வு முடிந்த பிறகு போட்டுப் பார்த்தேன்.

நான் செய்த பிழை இன்னதென்று சொல்கிறேன். 2023 நவம்பர் மாதம் ஒரு பயிற்சி நிறுவனத்தின் மாதிரித் தேர்வுத் தொடரைப் பணம் கட்டி வாங்கி, முப்பது நாளில் முப்பத்தொரு தேர்வுகள் எழுதினேன். ஒரு நாளில் இரண்டு எழுதியதும் உண்டு. எல்லாம் கைப்பேசியில். எழுதி முடித்ததும் மதிப்பெண்ணும், நாடு முழுவதும் எழுதியவர்களுள் என் இடமும் திரையில் வரும். அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு, அடுத்த தேர்வு. முதல் தேர்வில் 52 எடுத்தேன். முப்பத்தொன்றாவதில் 55. அந்த மூன்று மதிப்பெண்ணும் பழக்கத்தால் வந்ததே அன்றி அறிவால் வந்ததன்று.

இதை இயற்பியல் மாணவி என்ற முறையில் இப்போது விளக்க முடிகிறது. பிழைகள் இரு வகை. ஒழுங்கற்ற பிழை என்பது ஒரு முறை கூடும், ஒரு முறை குறையும். பல முறை அளந்து சராசரி எடுத்தால் அடங்கும். முறையான பிழை அப்படியன்று. வெர்னியர் அளவியில் சுழிப் பிழை இருந்தால், நூறு முறை அளந்தாலும் நூறு முறையும் அதே அளவு தவறும். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தாமல் அளவீட்டைப் பெருக்குவதால் பயனில்லை. மாதிரித் தேர்வு என்பது ஓர் அளவுகோல். கயிற்றின் மீது அளவுகோலை முப்பத்தொரு முறை வைத்தேன், கயிறு நீளவில்லை. நீளச் செய்யும் வேலை ஓர் அளவீட்டுக்கும் அடுத்த அளவீட்டுக்கும் நடுவில் இருக்கிறது. அந்த இடைவெளியை எவ்வளவு விடுவது, அதில் என்ன செய்வது என்பதைத் தீர்மானிப்பதே கால அட்டவணை.

என் தங்கை சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்றதும், "அக்கா, நானும் அந்தத் தேர்வு எழுதட்டுமா?" என்றாள். அம்மாவுக்கு இதில் விருப்பமில்லை. காரணம் நியாயமானது. பொதுப் பிரிவினரும் பிற்படுத்தப்பட்டோரும் கட்ட வேண்டிய விண்ணப்பக் கட்டணம் 4000 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர் ஆகியோருக்கு 3500 ரூபாய். "மூத்தவளுக்குக் கட்டின காசே காவிரியில போச்சு" என்றார் அம்மா. அட்டவணை போட்டுத் தருகிறேன், அதன்படி அவள் நடக்காவிட்டால் ஆகஸ்டில் கட்டணமே கட்ட வேண்டாம் என்று சொல்லி ஒப்புதல் வாங்கினேன்.

அட்டவணையைத் தேர்வு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போட வேண்டும். 2023இலும் 2024இலும் டிசம்பர் முதல் ஞாயிறன்றே தேர்வு நடந்திருந்ததால், அறிவிப்பு வருமுன்பே 2025 டிசம்பர் 7 என்று கொண்டோம். பின்னர் அறிவிப்பும் அவ்வாறே வந்தது. ஜூன் 1ஆம் நாள் ஞாயிறு. அன்றிலிருந்து சரியாக 27 வாரங்கள். ஒரு பழைய நாட்காட்டியின் பின்பக்கத்தில் 27 கட்டங்கள் வரைந்தோம்.

கட்டங்களில் முதலில் மாதிரித் தேர்வுகளை எழுதவில்லை என்பதை இங்கே வற்புறுத்த விரும்புகிறேன். பள்ளியின் தேர்வுகளைத்தான் முதலில் எழுதினோம். செப்டம்பரில் காலாண்டு. டிசம்பரில், நுழைவுத் தேர்வு முடிந்த கையோடு அரையாண்டு. மார்ச்சில் பொதுத் தேர்வு. நம் மாநிலத்தில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் மதுரை, திருச்சி, கோவை, திருநெல்வேலி முதலிய ஊர்களில் இயங்கும் அரசு சட்டக் கல்லூரிகள் நுழைவுத் தேர்வு இன்றி, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையிலேயே ஐந்தாண்டுப் படிப்புக்கு மாணவரைச் சேர்க்கின்றன. சட்டம் படிக்க 'கிளாட்' ஒன்றே வாசல் அன்று. ஒரு வாசலைத் தட்டப் போய், திறந்திருக்கும் மற்றொரு வாசலை நாமே சாத்திவிடக் கூடாதல்லவா? நான் 2023இல் அதைத்தான் செய்தேன். முப்பத்தொரு தேர்வுகள் தின்ற நவம்பர், என் அரையாண்டையும் தின்றது. அந்தச் சரிவு பொதுத் தேர்வு வரை நிமிரவில்லை. (இக்கல்லூரியில் இயற்பியல் கிடைத்ததை நான் குறையாகச் சொல்லவில்லை. இங்கு வந்திராவிட்டால் சுழிப் பிழையை இவ்வளவு அறிந்திருக்க மாட்டேன்.)

அடுத்து, எத்தனை தேர்வுகள் என்ற கேள்வி. பதின்மூன்று என்று முடிவு செய்தோம். ஜூனில் ஒன்று, ஜூலையில் ஒன்று, ஆகஸ்டில் இரண்டு, காலாண்டு நடக்கும் செப்டம்பரில் ஒன்று, அக்டோபரில் மூன்று, நவம்பரில் ஞாயிறுதோறும் ஒன்றாக ஐந்து. அக்டோபர் 19ஆம் நாள் தீபாவளிக்கு முந்தைய நாளாதலால் விட்டுவிட்டோம். ஜூன், ஜூலையில் ஏன் இவ்வளவு குறைவு என்றால், அப்போது அளப்பதற்கு ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. அந்த மாதங்களில் நாள்தோறும் இரண்டு பத்திகள் மட்டும், கடிகாரம் வைத்துப் படித்தாள். முழுத் தேர்வு என்பது ஓட்டப் பந்தயம் என்றால், இது மூச்சுப் பயிற்சி.

எந்த வினாத்தாளை எப்போது எழுதுவது என்பதில் நான் மிகவும் கண்டிப்பாக இருந்தேன். காரணம் உண்டு. 2019 வரை தேர்வின் வடிவமே வேறு. 200 வினாக்கள், நேரடிக் கேள்விகள். பத்தியைப் படித்து விடையளிக்கும் முறை 2020இல்தான் வந்தது. ஆகவே என் தங்கைக்குப் பயன்படக்கூடிய உண்மையான பழைய வினாத்தாள்கள் 2020 முதல் 2025 வரைக்குமான ஆறே ஆறு. அவற்றுள்ளும் முதல் நான்கில் 150 வினாக்கள்; 2024, 2025 ஆகிய இரண்டில் மட்டுமே இன்றைய 120 வினாக்கள். மற்ற மாதிரித் தாள்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் அவை தேர்வை நடத்துவோர் எழுதியவை அல்ல. சிலவற்றில் விடையே தவறாக இருக்கும். உண்மையான தாள்கள் ஆறும் விதைநெல். பசிக்கிறதென்று விதைநெல்லைக் குத்தித் தின்ற குடியானவன் ஆடியில் என்ன விதைப்பான்? நான் 2023இல் அப்போதிருந்த நான்கு தாள்களையும் ஒரே வாரத்தில், தேநீர் குடித்துக்கொண்டே, விடையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே தின்று தீர்த்தவள்.

எனவே 2020ஆம் ஆண்டுத் தாள் ஜூன் 1க்கு. 2021 ஆகஸ்டுக்கு, 2022 செப்டம்பருக்கு, 2023 அக்டோபருக்கு. 2024 நவம்பர் 16க்கு. 2025 கடைசி ஞாயிறான நவம்பர் 30க்கு. 150 வினாக்கள் கொண்ட தாள்களில் முப்பது வினாக்களை, பாதியில் வெட்டாமல் முழுப் பத்திகளாகவே கழித்து, 120 ஆக்கினோம். கழித்த பத்திகள் வார நாட்களின் பயிற்சிக்கு ஆயின. இடையில் எழுத வேண்டிய ஏழு தேர்வுகளுக்குக் கடையில் வாங்கிய மாதிரித் தாள்கள்.

தேர்வு எழுதும் முறைக்கு வருவோம். பிற்பகல் 2 மணி என்பது சாதாரண நேரமன்று. ஞாயிற்றுக்கிழமை, வயிறு நிறையச் சோறு, வெயில், மின்விசிறியின் முனகல். உலகமே படுத்துறங்கும் வேளை. விடியற்காலை ஐந்து மணிக்கு எழுதிப் பார்த்து நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்ந்திருந்தேன் நான்; பிற்பகல் மூன்று மணிக்கு என் மூளை எப்படி வேலை செய்யும் என்பதை ஒரு நாளும் அளந்ததில்லை. ஆகவே பதின்மூன்று தேர்வுகளும் ஞாயிறு 2 முதல் 4 வரை. தாளை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்தோம். செலவுதான்; எனினும் பத்தியில் கோடு போட்டுப் படிக்கும் பழக்கம் கைப்பேசித் திரையில் வராது. விடை வட்டங்கள் உள்ள தாளையும் பல படிகள் எடுத்து வைத்தோம். முதல் தேர்வில் அவள் ஒரு வினாவை விட்டுவிட்டு, வட்டத்தை விட மறந்து, அதன் பின் பதினொரு விடைகளை ஒரு படி தள்ளித் தள்ளி நிரப்பியிருந்தாள். வீட்டில் நடந்ததால் சிரித்தோம்.

இனிமேல்தான் கட்டுரையின் உயிர்நிலை. தேர்வு முடிந்ததும் விடைகளைப் பார்க்கக் கூடாது. இது எவ்வளவு கடினம் என்பது எழுதியவருக்கே தெரியும், விரல் துடிக்கும். மறுநாள் திங்கள் மாலை, கடிகாரம் இல்லாமல், ஐயமுற்ற வினாக்களையும் விட்டுவிட்ட வினாக்களையும் வேறு நிற மையால் மறுபடி எழுத வேண்டும். அதன் பின்னரே இரண்டையும் திருத்த வேண்டும். இப்போது இரண்டு மதிப்பெண்கள் கிடைக்கும்: காலத்தோடு எழுதியது, காலமின்றி எழுதியது. ஜூன் 1இல் என் தங்கை காலத்தோடு 38, காலமின்றி 67. இடைவெளி 29. அவளுக்குத் தெரிகிறது, நேரந்தான் போதவில்லை என்று பொருள். அவளுக்கு வேண்டியது வேகம். வேகத்திற்கு வேண்டியது நாள்தோறும் வாசிப்பு. அக்டோபர் 5இல் 61, 66. இடைவெளி 5. இப்போது நேரம் கொடுத்தாலும் அவளுக்கு விடை தெரியவில்லை என்று பொருள். இந்நிலையில் மேலும் தேர்வு எழுதுவது வீண் என்று அக்டோபர் 12ஆம் நாள் தேர்வை நானே அட்டவணையிலிருந்து அடித்தேன். அந்த இரண்டு வாரங்களும் தேர்வே இல்லை; தவறிய பத்திகளை அகராதியோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். பதின்மூன்று பன்னிரண்டாயிற்று. அட்டவணை போட்டவருக்கு அதை அடிக்கும் துணிவும் வேண்டும்.

ஒவ்வொரு தவற்றுக்கும் ஒரு நோட்டில் ஒரு வரி. வினா எண், தவறிய காரணம். 'சொல் தெரியவில்லை', 'பத்தியை முழுதும் படிக்கவில்லை', 'வட்டம் மாறியது', 'நேரம் முடிந்தது' என்று எழுதி வந்தோம். 'கவனக்குறைவு' என்று எழுதுவதற்கு மட்டும் தடை. அது காரணமன்று, காரணத்தைத் தேடாமல் தப்பிக்கும் வழி.

அந்த நோட்டில்தான் என் தங்கையின் சுழிப் பிழை அகப்பட்டது. சட்டவழிச் சிந்தனைப் பகுதியில் சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டுவதில்லை. விதியைப் பத்தியே சொல்லும், அதை நிகழ்ச்சிக்குப் பொருத்த வேண்டும். எடுத்துக்காட்டாகத் திருட்டைக் கொள்வோம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவில் உள்ளது. பிறர் வசமுள்ள அசையும் பொருளை, அவர் இசைவின்றி, நேர்மையற்ற எண்ணத்தோடு எடுத்து நகர்த்துவது திருட்டு. ஒருவர் தம் குடை என்று நினைத்து மற்றொருவர் குடையை எடுத்துச் செல்கிறார். நேர்மையற்ற எண்ணம் இல்லை, ஆகவே திருட்டன்று. இதை அவள் சரியாக எழுதினாள். பசித்த சிறுவன் ஒருவன் கடையில் யாரும் பார்க்காதபோது ரொட்டியை எடுத்துக்கொண்டு போகிறான். "திருட்டன்று" என்று எழுதினாள். ஏன் என்றேன். "பாவம்க்கா, பசி" என்றாள். பன்னிரண்டு இடங்களில் இதே காரணம். ஏழை எதிர்க்கட்சிக்காரனாக வந்தால் பத்தி சொன்ன விதியை விட்டுவிட்டு அவன் பக்கம் போய்விடுகிறாள்.

அவளைத் திருத்தும்போது எனக்கே மனம் ஒப்பவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன். நிலவழக்கில் வாய்தா வாங்கி வரும் ஒருவரின் மகள்கள் நாங்கள். இரக்கம் அற்றுப்போனால்தான் சட்டம் படிக்கலாம் என்றால் அந்தப் படிப்பு எதற்கு? இரண்டு நாள் இதைப் பேசினோம். முடிவில் நோட்டின் முதல் பக்கத்தில் அவளே எழுதிக்கொண்டாள்: கேட்ட கேள்வி, அவன் செய்தது இந்த விதிப்படி என்ன என்பது; அவனை என்ன செய்ய வேண்டும் என்பதன்று. தண்டனையைப் பற்றிக் கேட்கும்போது இரக்கப்படலாம். அடுத்த தேர்விலிருந்து அந்தத் தவறு மூன்றாகக் குறைந்தது. முப்பத்தொரு தேர்வுகள் எழுதியும் இப்படி ஒன்றை நான் என்னிடம் கண்டதில்லை, இருந்திருக்கும், தேடவில்லை.

கால் மதிப்பெண் பிடித்தம் பற்றியும் ஒரு சொல். இதற்கு அஞ்சி நான் தேர்வில் முப்பத்தேழு வினாக்களை விட்டுவிட்டு வந்தேன். கணக்கைப் பாருங்கள். நான்கு விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், சரியாவதற்கு வாய்ப்பு கால், தவறாவதற்கு முக்கால். முக்காலைக் கால் மதிப்பெண்ணால் பெருக்கினால் மூன்று வீசம். காலில் மூன்று வீசம் போனால் மிச்சம் ஒரு வீசம். (என் தாத்தா பள்ளிக்கூடம் போகாதவர், கால், அரை, வீசக் கணக்கு அவருக்கு விரல் நுனியில் இருந்தது. இதை அவரிடம் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.) ஒரு விடை நிச்சயம் தவறு என்று நீக்க முடிந்தால் சராசரி ஆதாயம் ஆறில் ஒரு பங்கு, இரண்டை நீக்கினால் எட்டில் மூன்று பங்கு. ஆகவே பத்தியைப் படித்துவிட்டு, இரண்டு விடைகளுக்கு நடுவில் தயங்கும் வினாவை விடுவது நட்டம். படிக்கவே நேரமில்லாத பத்தியின் வினாக்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டுவதில்லை. அங்கே ஆதாயமும் ஒரு வீசந்தான். எந்த இடத்தில் துணிவது, எந்த இடத்தில் விடுவது என்பதை மாதிரித் தேர்வில்தான் பழக முடியும். தேர்வுக் கூடத்தில் பின்னம் போட நேரமிராது.

அட்டவணைக்கு வந்த இடையூறுகளையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டு 3ஆம் நாளுக்கு ஒரு தேர்வு குறித்திருந்தேன். அன்று ஆடிப்பெருக்கு என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஆங்கில மாதம் பார்த்து அட்டவணை போட்டதன் கோளாறு. அம்மா கலந்த சாதம் கட்டிக்கொண்டிருக்க, தங்கை என்னைப் பார்த்தாள். "அக்கா, ஒரு வாய்தா கொடு" என்றாள். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்த நாட்களுள் அது ஒன்று. வாய்தா கொடுத்தேன்; ஆனால் ஒரு விதி வகுத்தோம். காரணத்தை நோட்டில் எழுத வேண்டும். ஒரு தேர்வுக்கு ஒரு வாய்தாவுக்கு மேல் இல்லை. ஒத்திவைத்த தேர்வு அடுத்த ஞாயிறு நடந்தே தீர வேண்டும். நோட்டில் அன்றைய கட்டத்தில் 'காவிரி' என்று எழுதியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு தெருவில் அம்மன் கோயில் ஒலிபெருக்கி இரண்டு மணிக்குத் தொடங்கி நான்கு மணிக்கும் ஓயவில்லை. மறுபடி கேட்டாள், மறுத்துவிட்டேன். பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டு எழுதினாள். மதிப்பெண் ஏழு குறைந்தது. குறைந்த காரணத்தையும் எழுதி வைத்தோம்.

கடைசி வாரத்தில் தேர்வு இல்லை. நவம்பர் 30இல் 2025ஆம் ஆண்டுத் தாளில் 74 எடுத்தாள். திங்களும் செவ்வாயும் அதைத் திருத்துவதில் போயின. மற்ற நாட்களில் தவறுகளின் நோட்டை மட்டும் முதலிலிருந்து புரட்டினாள். மாலையில் வழக்கம்போல் பள்ளிப் பாடம். சனிக்கிழமை நான் அவளை அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போய், தேர்வு மையம் எது, பேருந்து எங்கே நிற்கும், குடிநீர் எங்கே கிடைக்கும் என்று பார்த்து வந்தேன். வள்ளுவர் சொன்ன இடனறிதலை இவ்வளவாவது செய்தோம்.

தேர்வில் அவள் பெற்றது 71.25. முதல் ஒதுக்கீட்டுப் பட்டியலில் திருச்சி கிடைக்கவில்லை. இதை எழுதும் நாளில் அடுத்த பட்டியலுக்குக் காத்திருக்கிறோம். அரையாண்டில் அவள் மதிப்பெண் காலாண்டைவிடக் குறையவில்லை. பொதுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா 4000 ரூபாயைப் பற்றி இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

நான் பட்டம் பெற்றபின் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு முயலலாம் என்றிருக்கிறேன். பெங்களூரில் உள்ள இந்திய தேசியச் சட்டப் பள்ளிப் பல்கலைக்கழகம் 2022 முதல் பட்டதாரிகளுக்கு அத்தகைய படிப்பை நடத்துகிறது. அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு, அதில் கட்டுரை எழுதும் பகுதியும் உண்டு. அதன் பழைய வினாத்தாள்கள் இன்னும் சிலவே. அவற்றைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

இளநிலை மாணவர்களின் தம்பி தங்கையருள் யாரேனும் வரும் டிசம்பரில் 'கிளாட்' எழுதுவதாக இருந்தால், 27 கட்டங்கள் வரைந்த அந்த நாட்காட்டியும் தவறுகளின் நோட்டும் எங்கள் வீட்டில் உள்ளன, கொண்டுவந்து காட்டுகிறேன். செவ்வாய், வியாழன் மாலைகளில் இயற்பியல் ஆய்வகத்தில் இருப்பேன். வரும்போது ஆடி மாதத்திற்கு ஒரு தமிழ் நாட்காட்டியும் கையில் கொண்டு வாருங்கள்.